தங்கைக்கு வீட்டிலேயே பேஸ்பால்

பேஸ்பால் என்றாலே நம்ம பள்ளியில் பாதிப் பேர் "கிரிக்கெட் மாதிரிதானே?" என்று கேட்கிறார்கள். மாதிரிதான். ஆனால் பந்து தரையில் குத்தி வராது, நேரா மட்டைக்கே வரும். மட்டையும் உருண்டை. அதனால் அடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பி.டி. சாரிடம் இருப்பது ஒரு மட்டை, இரண்டு கையுறை. சாயங்காலம் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நாம தண்ணி பிடிக்க வீட்டுக்குப் போயிடணும். ஆகவே தோழிகளே, தங்கைக்கோ தம்பிக்கோ வீட்டிலேயே எப்படிப் பழக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் பந்து. நிஜ பேஸ்பால் 142 முதல் 149 கிராம், கல்லு மாதிரி இருக்கும். அதை எறிந்தால் சின்னப் பிள்ளை பயந்து முகத்தைத் திருப்பிக்கும், அப்புறம் பிடிக்கவே வராது. பழைய சாக்ஸுக்குள் துணி திணித்து, சைக்கிள் டியூப்பை வளையமா வெட்டி மேலே மாட்டுங்கள். கிழிஞ்ச டியூப் போதும்.

பத்தடி தூரத்தில் நின்று மெதுவாகப் போடுங்கள். பந்து இடுப்புக்கு மேலே வந்தால் விரல் மேலே பார்க்கணும், கீழே வந்தால் விரல் கீழே பார்க்கணும். இது வந்தாலே பாதி வந்த மாதிரி.

எறிவதற்குச் சுவரில் கரியால் ஒரு கட்டம் போடுங்கள். அகலம் 17 அங்குலம். உயரம் தங்கையின் முழங்காலில் இருந்து நடு நெஞ்சு வரை. ஆட்டத்தில் பந்து இதுக்குள்ளதான் போகணும். வலது கைக்காரி என்றால் இடது காலை முன்னால் வைத்து எறியணும். (அம்மா திட்டாத சுவரா பார்த்துக்கோங்க!)

அடிக்கப் பழக டொமினிகன் குடியரசு பிள்ளைகளின் வழிதான் எனக்குப் பிடித்தது. அங்கே தண்ணீர் கேன் மூடியை எறிந்து, துடைப்பக் கம்பால் அடித்து ஆடுகிறார்கள். மூடி காற்றில் வளைந்து வளைந்து வரும், கம்போ ஒல்லி. அதைக் கண்ணால் விடாமல் பார்த்து அடித்தவர்களுக்குப் பந்து பெரிசாத் தெரியுமாம். 20 லிட்டர் கேன் மூடி நம்ம ஊரிலும் கிடைக்குதே! கில்லி அடிக்கிறவங்களுக்கு இது சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் போட்டியில் 1951 முதல் பெண்களுக்குத் தடை இருந்தது. 1974இல்தான் எடுத்தார்கள். 2014இல் அதன் உலகப் போட்டியில் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

அந்தப் போட்டியிலேயே வீச்சுக்குக் கணக்கு உண்டு. 7, 8 வயசுக்கு ஒரு நாளைக்கு 50 பந்து, 9, 10 வயசுக்கு 75. அதுக்கு மேல் போனால் முழங்கையும் தோளும் கெட்டுப்போகும். வீட்டில் 30 போதும். கை வலிக்குதுன்னு சொன்னா அன்னைக்கு எறிய விடாதீங்க, பிடிக்க மட்டும் விடுங்க.

- 9ஆம் வகுப்பு மாணவி