மறைந்திருக்கும் வெப்பம்

குளிர்காலக் காலைகளில் ஆராவ் நகரை ஒட்டி ஓடும் ஆரே நதியின்மேல் வெண்புகை எழுவதை நாம் கண்டிருக்கிறோம். அது புகையன்று. குளிர்ந்த காற்றைவிட நதிநீர் சூடாயிருப்பதால் நீர் ஆவியாகிறது. அவ்வாவி காற்றிடம் வெப்பத்தை இழந்து மீண்டும் நுண்துளிகளாகிறது. நாம் காண்பது அத்துளிகளையே. நீராவி கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் சமையலறையில் இடியப்பம் அவிக்கும் பானையிலும் இதுவே நிகழ்கிறது. 1 கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 100 கலோரி போதும். கொதிக்கும் அந்நீரை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். அத்தனை வெப்பம் ஏறியும் வெப்பமானி அசைவதில்லை! 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து அறிஞர் யோசப் பிளாக் ஆராய்ந்து விளக்கிய மறைவெப்பம் இதுவே.

ஆவி தோலிற் பட்டதும் நீராக ஒடுங்கி, அந்த 540 கலோரியையும் அங்கேயே விட்டுவிடுகிறது. பின்னர் வெந்நீராயும் சுடுகிறது. ஆதலால் மூடியை நம் பக்கம் திறவாது மறுபக்கமாகத் திறத்தல் வேண்டும். சிறுவர் அருகில் நிற்றலாகாது. சுட்டுவிட்டால் பற்பசை பூசும் வழக்கத்தை விட்டு, ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டியும் வேண்டாம், அதன் ஒவ்வொரு கிராமும் உருகுவதற்கு 80 கலோரியைப் பறித்து, வெந்த தோலை மேலும் கெடுத்துவிடும்.