உங்களுக்குத் தெரியுமா?

இத்தாலியின் முதல் ‘சீரி ஆ’ கால்பந்துப் பட்டத்தை வென்று தந்த பயிற்சியாளர், நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்!

• பெயர் அர்பாத் வைஸ், ஹங்கேரிய யூதர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரி அணியில் இருந்தவர். காயம் ஆட்டத்தை முடக்கியதும் பயிற்சியாளரானார்.

• 1930இல் இன்டர் மிலன் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 34தான்.

• மெயாட்சா என்ற 17 வயதுப் பையனை இன்டரில் முதன்முதலாகக் களமிறக்கியவரும் இவரே. மிலனின் சான் சிரோ மைதானத்துக்கு இன்று அந்தப் பையனின் பெயர்!

• 1936, 1937இல் போலோன்யா அணிக்கு அடுத்தடுத்துப் பட்டங்கள். போதாததற்கு, பாரிஸில் இங்கிலாந்தின் செல்சி அணியையும் போலோன்யா 4-1 என்று வீழ்த்தியது.

• 1938: யூதர்களுக்கு எதிரான முசோலினியின் இனச் சட்டம். அதனால் வைஸ் நெதர்லாந்துக்குத் தப்பி, டோர்ட்ரெக்ட் நகரின் சின்ன அணிக்குப் பயிற்சி தந்தார். 1942இல் குடும்பமே கைது. மனைவி, இரு குழந்தைகள் அவ்வாண்டே கொல்லப்பட்டனர். வைஸ் இறந்தது 1944 ஜனவரியில்.