பஞ்சம் பிழைக்கப் போனோரும் சபைப் பதிவேடும்

பஞ்ச காலத்தில் கடல் கடந்து போன முன்னோரின் ஊரையும் பெயரையும் தேடுவோர் இந்நாளில் பெருகியுள்ளனர். தென்னாப்பிரிக்காவிலிருந்தும், மொரீசியஸிலிருந்தும், இலங்கை மலையகத்திலிருந்தும் எழுதப்படும் விசாரணைக் கடிதங்கள் அரசு அலுவலகங்களுக்குப் போவது போலவே நம் சேகரங்களின் குருமனைகளுக்கும் வந்து சேர்கின்றன. பாட்டனாரின் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையார், ஊர் கல்லிடைக்குறிச்சி என்று கேள்வி, அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைக்குமா என்ற வகையிலேயே வினா அமைந்திருக்கும். எந்த ஏட்டைப் புரட்டுவது, எதை நம்புவது, எதை நம்பாதிருப்பது என்பவற்றைக் குருமாரும் இறையியல் மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் அதனை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

இவ்வகைத் தேட்டத்தில் நமக்கு முன்னோடிகள் அயர்லாந்து மக்களாவர். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோயால் அந்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறினர். அவர்களுடைய சந்ததியார் இன்று முன்னோரைத் தேடும்போது பெரிதும் நம்பியிருப்பது இரண்டு சான்றுகளை: 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுக்கப்பட்ட கிரிஃபித்தின் நிலமதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று, பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, விவாக ஏடுகள் மற்றொன்று. 1922-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரத்து அரசு ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. பாதுகாப்பைக் கருதி அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் ஏடுகள் ஏராளமாக அதில் அழிந்தன. ரோமன் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளோ அங்கே அனுப்பப்படாமல் குருமாரின் இல்லங்களிலேயே கிடந்தமையால் பிழைத்தன. காப்பகத்தில் வைத்தது எரிந்தது, அலமாரியில் கிடந்தது தப்பியது என்பதைக் கேட்டு நம் குருமார் மகிழ்ந்துவிடலாகாது. நம் அலமாரிகளுக்குத் தீயைவிடக் கறையானே பகை.

நம் நாட்டில் இதற்கு ஒப்பானது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமாகும். தாது வருடத்தில் தொடங்கியமையால் நம் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் மாண்டோர் தொகை குறைந்த கணக்கின்படியே 50 இலட்சத்துக்கு மேற்பட்டது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென்று சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் விதித்ததும், சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் அதனை எதிர்த்து வாதாடியதும் வரலாற்றில் பதிந்துள்ளன.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இருபருவ மழையாலும் நீர் பெறும் தாமிரபரணி பாய்கின்ற கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் பஞ்சமா? வடக்கே கரிசல் காட்டிலும் தெற்கே தேரிக்காட்டிலும் நேர்ந்த அளவுக்கு இப்பள்ளத்தாக்கு வாடவில்லை என்பது மெய்யே. ஆனால் நெல் விளையும் ஊரில் வாழ்வது வேறு, நெல்லை வாங்க வகையிருப்பது வேறு. தானியம் விலையேறும் பக்கமே வண்டி ஏறும். ஒரு மரக்கால் நெல்லின் விலை இரட்டித்தும் நாட்கூலி உயராத இடத்தில், வரப்பில் நின்று அறுப்பவனே பட்டினி கிடப்பான். அயர்லாந்திலும் மக்கள் மடிந்துகொண்டிருக்கையிலேயே தானியம் கப்பலேறிற்று. பஞ்சம் என்பது உணவு இல்லாமை மட்டுமன்று, உணவைப் பெறும் உரிமை அற்றுப்போதல் என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆதலின் நஞ்சைக் கரையிலிருந்து புறப்பட்டவர்கள் நிலமில்லாத பண்ணையாட்களே என்று கொள்வது பொருந்தும். தம் பூட்டனார் ஜமீன்தாராயிருந்தார் என்று எழுதி வருவோர்க்கு இதனை மென்மையாகச் சொல்லவேண்டியிருக்கும்.

அவர்கள் போன வழியையும் அறிதல் வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்கு இருப்புப்பாதை வந்தது 1902-இல்தான்; தூத்துக்குடிக்கு 1876-லேயே வந்துவிட்டது. எனவே ஆற்றோரமாய் நடந்தே கிழக்கே போனார்கள். மிகப் பலர் சென்ற இடம் கண்டிச்சீமை எனப்பட்ட இலங்கை மலைநாடு. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி ஒன்று. இராமேசுவரம் பக்கமாக மன்னாருக்குத் தோணியேறி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடப்பது மற்றொன்று. பின்னதில் வாந்திபேதியால் விழுந்தோர் பலர். இவர்களை அழைத்துச் சென்றவன் கங்காணி. முன்பணமும் வழிச்செலவும் கடனாய் ஏறும். கடன் தீர்ந்தது அல்லது தீர்க்கப்படும் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. துண்டு இல்லாதவன் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. இம்முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தேடுவோருக்கு இங்கே பெருந்தடை யாதெனில், பஞ்ச ஆண்டுகளில் இலங்கைக்குச் சென்றோர் ஒப்பந்தக் கூலிகளாய்ப் பதியப்படாமையால், ஆள்வாரியான கப்பற்பட்டியல் அவர்களுக்கு இல்லை. கங்காணியின் கணக்கில் கடன் இருந்தது, ஊர் இல்லை.

நேட்டாலுக்குப் போனோர் நிலை வேறு. 1860 நவம்பர் 16-இல் டர்பன் துறையை அடைந்த துரூரோ என்னும் சென்னைக் கப்பல் முதலாக, 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அங்கே இறங்கினர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றைப் பட்டியலில் எழுதினர். சாதி என்ற பத்தியில் சிலருக்குக் கிறிஸ்தவர் என்றே எழுதப்பட்டிருப்பது நமக்குப் பயன்படும். மொரீசியஸில் இத்தகைய குடியேற்ற ஏடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அவற்றுட் பிற்காலத்தன சிலவற்றில் புகைப்படமும் உண்டு.

எனினும் இப்பட்டியல்களைக் கண்மூடி ஏற்றல் கூடாது. தமிழறியாத எழுத்தன் செவியால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினான். நம் மக்கள் பேச்சில் கல்லடக்குறிச்சி என்பது அவன் கையில் கல்லக்குர்ச்சி ஆகும். அது கல்லிடைக்குறிச்சியாகவும் இருக்கலாம், தென்னார்க்காட்டுக் கள்ளக்குறிச்சியாகவும் இருக்கலாம். நேட்டாலுக்கு ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து போனோர் மிகப் பலராதலின் பின்னதற்கே வாய்ப்பு மிகுதி. ஜில்லா, தாலுகா என்ற பத்திகளே இதனைத் தீர்க்கும். தின்னவேலி, அம்பாசமுத்திரம் என்றிருந்தாலன்றி நம் ஊரார் என்று உறுதி கூறலாகாது. அக்காலத் திருநெல்வேலி ஜில்லா மிகப் பெரிது என்பதையும் மறத்தலாகாது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910-இலும், தூத்துக்குடி 1986-இலும், தென்காசி 2019-இலும் பிரிந்தன.

வாய்மொழி மரபிலும் பொறி உண்டு. தாது வருடத்தில் போனார் என்று பாட்டி சொன்னால் உடனே 1876 என்று எழுதிவிடுகிறோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1936-உம் தாது வருடமே. தலைமுறைகளை எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். அதற்குத் துணையாகும் வழக்கம் ஒன்றுண்டு. தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் நம்மிடையே பெயரன், அதாவது பேரன், என்ற சொல் வழங்குகிறது. ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருமானால், அறுந்த இழை எங்கே சேரும் என்பது விளங்கும். அயர்லாந்தினரும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடும் வழக்கினரே.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இவ்விழை ஞானஸ்நானத்தில் அறுகிறது. சுடலைமாடனாயிருந்தவர் மாசிலாமணி ஆகிறார். அவர் பேரன் சாமுவேல் ஆகிறான். பழைய பெயரை ஏட்டில் குறித்துவைத்த குருவானவர் நமக்குப் பேருதவி செய்தவர். குறியாது விட்டவர், அஞ்ஞானப் பெயரை அழித்தோம் என்று மனநிறைவு கொண்டிருக்கலாம். ஒரு குடும்பத்தின் முன்னைய வரலாறு முழுவதும் அதனோடு அழிந்தது.

இனி, சபை ஏட்டின் மதிப்பு யாது? நிலவரித் திட்டப் பதிவேடு நிலமுடையோனை எழுதிற்று. கப்பற்பட்டியல் ஆளை எண்ணாக எழுதிற்று. இலண்டன் பிரித்தானிய நூலகத்திலுள்ள சமயப் பதிவுகளின் படிகளோ பெரும்பாலும் ஐரோப்பியரையும் ஆங்கிலோ-இந்தியரையும் பற்றியவை. நிலமற்ற ஒருவனை அவன் பெயராலும், மனைவி பெயராலும், குழந்தை பெயராலும், ஊராலும் எழுதிய ஏடு பல ஊர்களில் உபதேசியாரும் குருவானவரும் எழுதியது ஒன்றே. இதைச் சொல்லி நாம் பெருமை பாராட்டுவதற்கில்லை. 1850-களின் நடுவில் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் சென்றனர் என்பது எவ்வளவு உண்மையோ, தோட்டத்துரைகளின் ஆதரவோடும் நன்கொடையோடும் அது நடந்தது என்பதும் அவ்வளவு உண்மை. மேலும், ஞானஸ்நானம் பெறாதவர் பற்றி நம் ஏடு ஒன்றும் கூறாது. இலங்கை சென்ற பின்னரே கிறிஸ்தவரானோரைக் கண்டி, கொழும்புப் பகுதிச் சபை ஏடுகளிலேயே தேடவேண்டும். கண்டி, 1950-இல் அமைந்த குருநாகல் பேராயத்தைச் சேர்ந்தது என்பதை எழுதுவோருக்குத் தெரிவிக்கலாம். மிஷனெரிகளின் கடிதங்களுக்கு, சி.எம்.எஸ். ஆயின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தையும், எஸ்.பி.ஜி. ஆயின் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தையும் சுட்டுக.

இது ஓய்வுடையோரின் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் இலங்கை மலையகத்தாரின் வரலாற்றைக் கருதுக. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவச் சொல்லிற்று. தோட்டத்து லயத்தில் பிறந்தவனின் பூட்டனுக்கு எவன் சான்று எழுதினான்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிபாதியாகப் பகிர்ந்தன. அங்கேயே நாடற்றிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே விடிவு தந்தது. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், வம்ச அட்டவணையில் பெயர் காணப்படாத ஆசாரியர் ஊழியத்தினின்று விலக்கப்பட்டதை நாம் வேதபாடமாகப் படிக்கிறோம். இவர்களோ குடியிருந்த நாட்டினின்றே விலக்கப்பட்டார்கள். மோவாபிலிருந்து திரும்பிய நகோமியைப் பெத்லகேம் ஊரார் அடையாளங் கண்டனர். சொந்த ஊர் எது என்று கேட்கப்பட்டு, பூட்டன் ஊரைச் சொல்லி, மண்டபம் வழியாக வந்திறங்கியோரில் எத்தனை பேரை அவ்வூர் அடையாளங் கண்டது?

ஆதலின் மறுமொழி எழுதும்போது சிலவற்றில் கண்டிப்பு வேண்டும். ஏட்டில் உள்ளதை உள்ளவாறே, எழுத்துப் பிழையோடு படியெடுத்து அனுப்புக. இல்லையெனில் இல்லை என்று எழுதுக. தொலைவிலிருந்து அன்போடு எழுதுகிறாரே, கோயில் திருப்பணிக்கும் உதவுவாரே என்று, பெயர் ஒத்த ஒருவரை அவருக்குப் பாட்டனாராக்கிவிடும் ஆசை வரும். அது பொய்ச்சான்றே ஆகும். சாதி குறிக்கப்பட்டிருந்தால், கேட்டவருக்கு மறைத்தலும் ஆகாது. ஊரார்க்கு அறிவித்தலும் ஆகாது. ஏட்டை எவரிடமும் கொடுத்தனுப்பலாகாது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு படியைப் பேராய அலுவலகத்திலும் ஒன்றை வேறோரிடத்திலும் வைத்தல் வேண்டும். பழைய அங்கத்தினர் பட்டியல்களையும் உபதேசியாரின் குறிப்பேடுகளையும் பயனற்றவையென்று எறியாதீர். ஞானஸ்நான ஏட்டில் கிடைக்காத செய்தி அவற்றில் கிடைப்பதுண்டு. 1877-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர்கள் அடிக்கப்பட்டு, எதிரே கண்டி என்ற ஒரு சொல் மட்டும் இருக்குமானால், தேடுவோர்க்கு அந்த ஒரு சொல் போதும்.