வலிக்கவே இல்லையே... அப்புறம் எதுக்கு டெஸ்ட்?

நம் ஊர்ப் பெரியவர்களிடம் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே பதில்கள்தான் வரும். ஒன்று: “எனக்கென்ன... கல்லு மாதிரி இருக்கேன்!” இன்னொன்று: “போற வயசு... இனிமே எப்படி இருந்தா என்ன?” முதலாமவருக்கு டெஸ்ட் தேவையில்லையாம். இரண்டாமவருக்கு டெஸ்ட் எடுத்தும் பிரயோஜனமில்லையாம். ஆக, இரண்டு பேருமே ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை!

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் இந்த இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. டீக்கடை பெஞ்சில் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“காலையில ரெண்டு உருண்டை களி, ராவுக்கு ரெண்டு உருண்டை. ஷுகரு எங்கிட்ட நெருங்குமா கண்ணு?”

உருண்டையின் சைஸைக் கையால் காட்டினார். கிரிக்கெட் பந்தில் ஆரம்பித்த கை, ஃபுட்பாலில் போய் நின்றது!

கேழ்வரகு நல்ல தானியம்தான். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அதில் ஏராளம். ஆனால் அதிலும் பெரும் பங்கு மாவுச்சத்துதானே? அளவு மீறினால் அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். களி ஒரு சாப்பாடு, தடுப்பூசி அல்ல.

தாத்தாவிடம் அடுத்த கேள்வி கேட்டேன்: “கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா?”

“ஓ... கேம்ப்புல பாத்து, ஆபரேஷனும் ஆச்சு. இப்ப பேப்பரே படிக்கிறேன்.”

“பி.பி.?”

“அது எதுக்கு? எனக்குத்தான் வலிக்கவே இல்லியே!”

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கண் கேம்ப் என்றால் நம் ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டு வருகிறார்கள். மதுரையில் 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாகப் போய் கேம்ப் போட்டே லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்தது. பார்வை மங்கினால் நமக்கே தெரியும். பேரன் முகம் தெரியாவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும், உடனே கிளம்பிவிடுவோம்.

ரத்தக் கொதிப்பு அப்படியல்ல. பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, தூக்கத்தைக் கெடுக்காது. வீட்டில் ரொம்ப சாதுவாகக் குடித்தனம் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் வாயைக் கோணவைத்து, ஒரு பக்கக் கையைத் தூக்க முடியாமல் செய்துவிட்டுப் போகும். சர்க்கரையும் அதே ஜாதிதான். கால் நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. தெரிய வரும்போது விரலை எடுக்கலாமா, பாதத்தை எடுக்கலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வலி வந்தபின் போவது வைத்தியம். வலி வராதபோதே போவதுதான் பரிசோதனை. இரண்டையும் நாம் ஒன்றாக நினைப்பதால்தான் தகராறே!

வராதவர்களைத் தேடிப் போனால் என்ன என்று அரசாங்கமும் யோசித்தது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. (2004 வரை கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் ஒரே மாவட்டம். ஆகவே இது கிட்டத்தட்ட நம் வீட்டுக் கல்யாணம்!) பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி., ஷுகர் பார்ப்பது. மாத்திரையை வாசலிலேயே கொடுப்பது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு பிசியோதெரபி, வலி தணிக்கும் பராமரிப்பு... இதுதான் ஏற்பாடு. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

தேடி வந்து பார்க்கவேண்டிய அவசியம் என்ன? 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு சர்வேயைப் பாருங்கள். 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. மூன்றில் ஒருவர்! சரி, அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? நோய் உள்ளவர்களில் வெறும் 7.3 சதவீதம்.

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தவிர வேறு வைத்தியம் தெரியாது. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. நூறு பேருக்குக் கடன் கொடுத்து ஏழு பேரிடம்தான் வசூலாகிறது என்றால், அந்தக் கடையை நடத்த முடியுமா?

மீதி 93 பேர் எங்கே போனார்கள்? சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், மாத்திரை இல்லை. இன்னும் சிலர்தான் சுவாரசியமானவர்கள்: “மாத்திரை போட்டேன், பி.பி. நார்மல் ஆயிடுச்சு, அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்!” மழைக்குக் குடை பிடித்தோம், நனையவில்லை, அப்புறம் குடை எதற்கு என்று நடுத்தெருவில் மடக்கிவிட்ட கதை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒரு நாள் டெஸ்ட் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அன்றைக்குத்தான் கணக்கே தொடங்குகிறது. கேம்ப்பில் 160/100 என்று எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருந்து, சட்டை துவைக்கும் கல்லுக்குப் போய், காகிதக் கூழாகிவிட்டால் அந்தக் கேம்ப்பால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தேதி, பி.பி., ஷுகர், எடை, சாப்பிடும் மாத்திரைகள்... அவ்வளவுதான். போன பக்கத்து பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவருவது கடைக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் அவசியம்.

என்னென்ன எழுத வேண்டும்? ‘எண்பது டெஸ்ட், ஒரே பேக்கேஜ்’ என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து மிரளவேண்டாம். பெரியவர்களுக்கு முக்கியமானவை பத்து விரலுக்குள் அடக்கம்.

பி.பி. 140/90-ஐத் தாண்டினால் ஒரே தடவையில் முடிவு கட்டாமல் இன்னொரு நாளும் பார்க்கவேண்டும். வெறும் வயிற்றில் ஷுகர் 126, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயா என்று டாக்டர் உறுதி செய்யவேண்டும். 100-லிருந்து 125 வரை என்றால் ‘வாசலில் நிற்கிறது’ என்று அர்த்தம். நடை, சாப்பாடு இவற்றால் அதைத் திருப்பி அனுப்ப நல்ல வாய்ப்பு உண்டு.

அப்புறம் பாதம். தினமும் ராத்திரி ஒரு தடவை அடிப்பாதத்தைப் பார்த்தால் போதும். குனிய முடியாதவர்களுக்குப் பேத்தியின் கண் இருக்கிறது.

அப்புறம் காது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது வீம்பாக இல்லாமல் செவிக்குறைவாகவும் இருக்கலாம். (மாமியார்களுக்கு நியாயம் வழங்கிய திருப்தி எனக்கு!)

அப்புறம் வாய். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டிமார், பீடி தாத்தாக்கள் கவனிக்க: வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே காட்டவேண்டும். கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான வீடுகளில் வாயைத் திறந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பட்டதாரிகள். 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மெஷின் இல்லை, ஸ்கேன் இல்லை... வெளிச்சமும் கண்ணும்தான்!

நம் மாவட்டத்துக்கு என்று ஒரு தனிக் கணக்கும் உண்டு: தண்ணீர். தர்மபுரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருஷக்கணக்கில் தாண்டிக் குடித்தால் பல்லில் கறை, முதுகும் மூட்டும் விறைத்துப்போவது என்று போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது; 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. “எல்லாம் வயசுக் கோளாறு” என்று தைலம் தேய்த்துக்கொள்ளும் பெரியவர்கள், இத்தனை வருஷம் எந்தக் கிணற்று, எந்த போர் தண்ணீர் குடித்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். இறுகிப்போன எலும்பை மறுபடி இளக்குவது கடினம். ஆனால் இன்று தண்ணீரை மாற்றினால் பேரப்பிள்ளைகளின் எலும்பு தப்பும்.

பாப்பாரப்பட்டிக்கு வந்துவிட்டு சுப்பிரமணிய சிவாவைச் சொல்லாமல் போக முடியாது. 1908-ல் சிறைக்குப் போய் 1912-ல் வெளியே வந்தவர், தொழுநோயோடு வந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றது வெள்ளை அரசாங்கம். மனிதர் ஊர் ஊராக நடந்தார். 1925 ஜூலை 23-ல் இதே பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடியபோது வயது நாற்பதுதான். அவருடைய நோயைக் குணமாக்கும் மருந்து அன்றைக்கு உலகத்தில் எங்குமே இல்லை. 1940-களில்தான் மருந்து வந்தது. இன்றைக்கு உணர்ச்சியில்லாத ஒரு தேமலை ஆரம்பத்திலேயே காட்டினால், இலவச மாத்திரையிலேயே முழுக்கக் குணம்.

மருந்தே இல்லாத காலத்தில் ரணத்தோடு நடந்தார் ஒருவர். மருந்து இருக்கிற காலத்தில், ஆரம்ப சுகாதார நிலையம்வரை நடக்க நமக்குக் கால் வரவில்லை!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தாத்தாவைக் கைப்பிடித்துக் கேம்ப்புக்கு அழைத்துவருவது ஆயாதான். மாத்திரைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொள்வதும் அவர்தான். “நீயும் பாத்துக்க ஆயா” என்று ஒரு மூதாட்டியிடம் சொன்னேன். “எனக்கென்ன சாமி வந்துச்சு? அவருக்குப் பாத்தா போதும். அடுப்புல கொள்ளு வேகுது” என்று கிளம்பிவிட்டார். தாத்தாவின் நாலாவது பக்கம் நிரம்பியிருக்கும்; ஆயாவுக்கு நோட்டே இருக்காது. நோட்டு வாங்கும்போது தயவுசெய்து இரண்டாக வாங்குங்கள்.

கடைசியாக, செலவில்லாத ஒரு டெஸ்ட். கைப்பிடியுள்ள நாற்காலியில் பெரியவரை உட்காரவையுங்கள். பத்தடி தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான நடையில் கோடுவரை போய், திரும்பி வந்து உட்காரவேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்றபடி கடிகாரத்தைப் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். பாத்ரூம் வழுக்கலைத் தேய்த்துவிடுங்கள், சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். இடுப்பு எலும்பு முறிந்தபின் ஆகும் செலவில் கைப்பிடிக்கு ஆவது சில்லறைக் காசு.

நோட்டில் தேதி போட்டு அந்த விநாடிக் கணக்கையும் எழுதிவிடுங்கள். முதல் வரவு அதுவாகவே இருக்கட்டும்!