சூரை மீனின் சூடு: சின்னப் படகில் பெரிய மீன் பிடிக்கும் இன்ஜினியரிங்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல் கிடையாது. நமக்கு மீன்னா கண்மாய்க் கெண்டை, கட்லா. இல்லன்னா தூத்துக்குடி பக்கம் இருந்து ஐஸ் பெட்டியில வர்ற கடல் மீன். அப்புறம் எதுக்கு நம்ம இதழ்ல சூரை மீனைப் பத்தி ஒரு கட்டுரைன்னு கேக்கலாம். காரணம் இதுதான்: ஹீட் டிரான்ஸ்ஃபர், ஸ்டெபிலிட்டி, ஆன்டெனான்னு நாம செமஸ்டர் வாரியா தனித்தனியா படிச்சு மறந்ததெல்லாம் ஒரே படகுல, ஒரே மீன் மேல வந்து சேருது. அதுல ஒண்ணு தப்பினா காசு போகும். இன்னொண்ணு தப்பினா உயிர் போகும்.

முதல்ல, எந்தச் சூரை?

டியூனா என்று உலகம் சொல்லும் மீன்தான் நம்ம சூரை. அதுல பல வகை இருக்கு. எல்லாத்துக்கும் ராஜா ப்ளூஃபின், அதாவது நீலத்துடுப்புச் சூரை. 1979-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு ப்ளூஃபினின் எடை 679 கிலோ. நம்ம புல்லட் பைக்கை விட மூணு மடங்குக்கும் மேல! 2019 ஜனவரியில் டோக்கியோவின் தொயோசு சந்தையில், வருஷத்தின் முதல் ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரு ப்ளூஃபின் 33.36 கோடி யென்னுக்குப் போச்சு. அப்போதைய மதிப்பில் சுமார் 21 கோடி ரூபாய். புது வருஷ ஏலம் கௌரவத்துக்காகக் கொடுக்கும் விலை, தினமும் அப்படிப் போகாது. ஆனாலும் அந்த மீனைப் பிடிச்சது பெரிய கப்பல் இல்ல. ஜப்பானின் ஓமா என்ற ஊர்ல சின்னப் படகுகள்ல போய், தூண்டில் போட்டே இந்த மீனைப் பிடிக்கிறாங்க.

நம்ம வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ப்ளூஃபின் கிடையாது. இந்தியப் பெருங்கடலில் தெற்கு ப்ளூஃபின் என்ற வகை இருக்கு. அது முட்டையிடுவது இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்குத் தெற்கே. நமக்குக் கிடைக்கும் பெரிய சூரை, மஞ்சள் துடுப்புச் சூரை. கன்னியாகுமரி பக்கம் இதைக் கேரைன்னு சொல்வாங்க. இதுவும் 200 கிலோ வரை வளரக்கூடியது. நம்ம படகுகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதைவிட ரொம்பச் சின்னது. ஆனா பிரச்சினைகள் எல்லாம் அதே பிரச்சினைகள்தான்.

மீனுக்குள்ள ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்

மீன்னா குளிர் ரத்தப் பிராணின்னு ஸ்கூல்ல படிச்சோம். சூரை அந்த விதிக்கு விலக்கு. சாதாரண மீன்ல, தசையில உண்டாகும் சூடு ரத்தத்தோட செவுளுக்குப் போய் கடல் தண்ணியில கரைஞ்சிடும். சூரைக்கு உள்ள போற ரத்தக் குழாய்களும் வெளிய வர்ற ரத்தக் குழாய்களும் ஒட்டி ஒட்டி, எதிரெதிர் திசையில ஓடுது. தசையில இருந்து வர்ற சூடான ரத்தம், செவுள்ல இருந்து வர்ற குளிர்ந்த ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துட்டுப் போகும். சூடு உள்ளேயே தங்கிடும். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரிஞ்சிருக்கும்: இது கவுன்ட்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர். எல்.எம்.டி.டி. ஃபார்முலா போட்டு நாம கஷ்டப்பட்டதை இந்த மீன் பிறவியிலேயே வச்சிருக்கு. இதனால குளிர்ந்த கடலில் ஒரு பெரிய ப்ளூஃபினின் உடம்பு, சுத்தியுள்ள தண்ணியை விட 20 டிகிரி வரைகூட சூடா இருக்கும். கேரைக்கு அந்த வித்தியாசம் சில டிகிரிதான்.

சூடான தசை வேகமா சுருங்கும், அதனால வேகமா நீந்தும். நீந்தாம நின்னா மூச்சே விட முடியாது, ஏன்னா வாயைத் திறந்துகிட்டு முன்னால போகும்போதுதான் செவுளுக்குத் தண்ணி போகுது. இப்படி நிக்காத ஒரு இன்ஜின்தான் நம்ம தூண்டில்ல மாட்டுது.

இழுக்காதே, களைக்க விடு

முந்நூறு கிலோ மீனை ஒரு ஆள் எப்படி இழுக்கிறான்? இழுக்கிறதே இல்ல. தூண்டில் கயிறு அறுபது கிலோ தாங்கும்னா, ரீல்ல இருக்கிற பிரேக்கை அதுல மூணுல ஒரு பங்குக்கு, அதாவது இருபது கிலோவுக்கு வைப்பாங்க. அதுக்கு மேல மீன் இழுத்தா கயிறு தானா ஓடும், அறுந்து போகாது. ரீல் இல்லாத கைத்தூண்டில்காரர் இதையே கையால செய்வார். மீன் ஓடும்போது விடுவார், தளரும்போது வாங்குவார். சில இடங்கள்ல கயிறோட முனையில மிதவையைக் கட்டி விட்டுடுவாங்க. மீன் அதை இழுத்து இழுத்தே களைச்சுப் போகும்.

இதுல படகும் ஒரு ஷாக் அப்சார்பர். சின்னப் படகு லேசா இருப்பதால மீன் இழுத்தா படகே கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். பெரிய கப்பல் நகராது, அந்த வேகமெல்லாம் கயிறு மேல விழும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கரையில நங்கூரம் போட்டு ப்ளூஃபின் பிடிக்கிறவங்க, நங்கூரக் கயிறுல பெரிய மிதவை கட்டி வச்சிருப்பாங்க. மீன் மாட்டின உடனே நங்கூரத்தை மிதவையோட கழட்டி விட்டுட்டு மீன் பின்னாடியே போவாங்க. திரும்பி வந்து எடுத்துக்கலாம்.

ஆபத்து ஜெயிச்ச பிறகுதான்

தண்ணிக்குள்ள இருக்கும்வரை மீனோட எடை படகுக்குத் தெரியாது. ஆர்க்கிமிடிஸ் தாங்கிக்கிறார். படகு ஓரத்துல இருந்து மேல தூக்குற அந்த நொடியில முழு எடையும் படகு மேல வரும். நடுக்கோட்டுல இருந்து 1.2 மீட்டர் தள்ளி 250 கிலோவைத் தொங்கவிட்டா, 300 கிலோ மீட்டர் திருப்பு விசை. போதாக்குறைக்கு, தொங்கும் எடை எங்க இருந்தாலும், அது தொங்குற புள்ளியிலேயே இருப்பதா படகு எடுத்துக்கும். கப்பி உயரத்துல இருந்தா ஈர்ப்பு மையமும் மேல ஏறும். மீனைப் பார்க்கிற ஆசையில எல்லாரும் அதே பக்கம் வந்து நின்னா கேக்கவே வேணாம்.

அதனால அனுபவசாலிகள் அவசரப்பட்டுத் தூக்க மாட்டாங்க. வாலில் கயிறு போட்டுப் படகோட சேர்த்துக் கட்டி, மீன் முழுசா அடங்கின பிறகு சரிச்சு ஏத்துவாங்க, இல்லன்னா அப்படியே கட்டி இழுத்துட்டு வருவாங்க.

காசு போகும் முதல் அரை மணி நேரம்

போராடின மீனோட உடம்புல ரெண்டு விஷயம் நடக்குது. சூடு ஏறுது, லாக்டிக் அமிலம் சேருது. ரெண்டும் சேர்ந்தா புரதம் சிதைஞ்சு, சிவப்பா கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய சதை வெளுத்து, வெந்த மாதிரி ஆகிடும். ஜப்பான் வியாபாரி இதை வெந்த சதைன்னே சொல்வார். பச்சையா சாப்பிடுற சந்தையில அதுக்கு விலை கிடையாது.

அதனாலதான் படகுல ஏத்தின உடனே மூளையில குத்தி மீனைச் சாகடிச்சு, ரத்தத்தை வடிச்சு, செவுளும் குடலும் எடுத்து, ஐஸும் கடல் தண்ணியும் கலந்த தொட்டியில இறக்குறாங்க. வெறும் ஐஸ் கட்டி மீனை அங்கங்கதான் தொடும். ஐஸ் தண்ணி எல்லாப் பக்கமும் தொடும், அதனால சூடு வேகமா இறங்கும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 30 கிலோ கேரை, உடம்புச் சூடு 32 டிகிரி. மீன் சதையோட ஸ்பெசிஃபிக் ஹீட் கிலோவுக்கு சுமார் 3.5 கிலோஜூல். பூஜ்யத்துக்குக் கொண்டுவர 30 × 3.5 × 32 = 3,360 கிலோஜூல் எடுக்கணும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல். ஆக 10 கிலோ ஐஸ் போதும்னு காகிதம் சொல்லுது. வெயில்ல, இன்ஜின் பக்கத்துல, வாரக்கணக்கில் இருக்கும் ஐஸ் அறையில மீன் எடைக்குச் சமமாவோ அதுக்கு மேலயோ ஐஸ் வேணும்.

நேரம் இன்னும் பெரிய பிரச்சினை. உள்ளே இருக்கிற சூடு வெளிய வர ஆகும் நேரம், தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோ மீன் நடுப்பகுதி வரை குளிர சுமார் அரை நாள் ஆகும்னா, எட்டு மடங்கு எடையுள்ள 240 கிலோ மீன் ரெண்டு மடங்கு தடிமன், அதனால நாலு மடங்கு நேரம். ரெண்டு நாள்! வெளிய தொட்டா சில்லுனு இருக்கும், முள்ளுக்குப் பக்கத்துல இன்னும் சூடா இருக்கும்.

அந்தச் சூட்டுல இன்னொரு ஆபத்தும் வளருது. சூரைச் சதையில ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர்ச்சி இல்லன்னா பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். சாப்பிட்டா முகம் சிவந்து, உடம்பு அரிச்சு, தலை வலிக்கும். எனக்குச் சூரை ஒத்துக்காதுன்னு சொல்றவங்கள்ல சிலருக்கு உண்மையில ஒத்துக்காதது ஐஸ் இல்லாத சூரை. முக்கியமா, ஹிஸ்டமின் ஒருதடவை உண்டாயிட்டா எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது.

ஐஸே இல்லாத காலத்துல என்ன பண்ணாங்க? லட்சத்தீவின் மினிக்காய், மாலத்தீவு மக்கள் வரிச்சூரையைக் கழியும் தூண்டிலும் வச்சுப் பிடிச்சு, உடனே வேகவச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காயவச்சாங்க. அதுதான் மாசி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. பாலைக் கிண்டிக் கிண்டித் தண்ணியை விரட்டினா பால்கோவா, பாலை விட நாள் தாங்கும். பாக்டீரியாவுக்குத் தண்ணி கொடுக்காதே என்பதுதான் ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிற தியரி.

தூத்தூர்க்காரங்க போகும் தூரம்

தமிழ்நாட்டில் இந்த மீனைத் தேடி ரொம்ப தூரம் போறவங்க கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடின்னு வரிசையா எட்டு ஊர். சுறாவுக்கும் சூரைக்கும் ஆயிரங்கால் தூண்டில் போடுவதில் பேர் போனவங்க. நீளமான ஒரு தாய்க் கயிறு, அதுல நூத்துக்கணக்கான கிளைக் கயிறு, ஒவ்வொண்ணிலும் ஒரு கொக்கி, இடையில மிதவைகள். கொச்சியில இருந்து கிளம்பி லட்சத்தீவு தாண்டியும் போவாங்க. ஒரு தடவை போனா ரெண்டு மூணு வாரம், சில சமயம் ஒரு மாசத்துக்கும் மேல. தங்கு கடல்னு பேர்.

பாக் நீரிணையில இழுவைப் படகுகளால இலங்கையோட தொடர்ந்து சிக்கல் வந்ததால, 2017-ல் அந்த மீனவர்களை ஆழ்கடல் சூரைக்கு மாத்த ஒரு திட்டம் வந்துச்சு. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதுல 50 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு மானியம். மீதி மீனவர் பங்கும் வங்கிக் கடனும். ஆனா ராமேஸ்வரத்துல ராத்திரி போய் காலையில திரும்பிப் பழகினவருக்கு, மூணு வாரம் ஐஸை நம்பி நடுக்கடலில் இருப்பது வேற தொழில். படகைக் கொடுத்தா மட்டும் அந்தத் தொழில் வந்துடாது.

42 கிலோமீட்டருக்கு அப்பால்

இனி உயிர்க் கணக்கு. படகுல இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் நேர்கோட்டுல போகும், பூமியோ உருண்டை. ரேடியோ தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் 4.12 × (√கோபுர உயரம் + √படகு ஆன்டெனா உயரம்). கரையில 50 மீட்டர் கோபுரம், படகுல 10 மீட்டர் கம்பம்னா, சுமார் 42 கிலோமீட்டர். கேரை இருப்பது அதைவிடப் பல மடங்கு தொலைவில். செல்ஃபோன் அதுக்கும் முன்னாடியே செத்துடும்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரி கடலில் உருவாகி வேகமா வலுத்துச்சு. தூத்தூர் வட்டாரப் படகுகள் பல நாள் முன்னாடியே கிளம்பி ஆழ்கடலில் இருந்தாங்க. கரையில கொடுத்த எச்சரிக்கை அவங்களை எட்ட வழியே இல்ல. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் செத்தாங்க, காணாமப் போனாங்க. எட்டு ஊர்லயும் அந்தத் துக்கம் இருக்கு. புயலைக் கண்டுபிடிக்க சாட்டிலைட் இருந்துச்சு. அந்தச் செய்தியை கடைசி படகு வரைக்கும் கொண்டுபோற லிங்க்தான் இல்ல.

அதுக்கப்புறம்தான், 2019 அக்டோபரில், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் தகவல்களைக் கடலுக்குள் கொண்டுபோகும் ஜெமினி கருவி அறிமுகமாச்சு. விமானங்களுக்காக உருவான ககன் சாட்டிலைட் அமைப்பு வழியா புயல் எச்சரிக்கையும், மீன் கிடைக்கும் இடமும் வரும். கருவி அதை ப்ளூடூத்ல ஃபோனுக்கு அனுப்பும். ஆனா அது ஒருவழிப் பாதை, படகுல இருந்து பதில் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் பேசும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்குச்சு.

நமக்கு என்ன வேலை?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மறுபடியும் லைன் ஃபாலோயர் ரோபோ பண்ணப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். முள்ளுக்குப் பக்கத்துல குத்தி, மீன் நடுச்சூட்டைக் காட்டும் மலிவான தெர்மோகப்பிள், உப்புத் தண்ணியில துருப்பிடிக்காம. ஐஸ் அறையில எவ்வளவு ஐஸ் மிச்சம், எத்தனை நாள் தாங்கும்னு சொல்லும் ஒரு மானிட்டர். தமிழ்ல எச்சரிக்கையைச் சத்தமா வாசிக்கும் ஒரு பெட்டி, ஏன்னா அலை நேரத்துல யாரும் ஃபோன் ஸ்கிரீனைப் பார்த்துகிட்டு இருக்க மாட்டாங்க. இதுல எதுக்கும் பெரிய லேப் வேணாம். கடலே இல்லாத நம்ம ஊர்ல உக்காந்தே பண்ணலாம். டெஸ்ட் பண்ண மட்டும் ஒரு தடவை தூத்துக்குடி பஸ் ஏறணும். போறப்ப ப்ரெட்போர்டை மறந்தாலும் வாந்தி மாத்திரையை மறந்துடாதீங்க.