வாங்கும் முகவரி: எதை வாங்கலாம், எதைத் தள்ள வேண்டும்

ஈசூனில் ஒரு தமிழ்த் துணைப்பாட நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உட்லண்ட்சில் அதற்கு இன்னொரு கிளை. இணையத்தளத்தில் வகுப்பு நேரம், கட்டணம், தொடக்கநிலை 6 வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சிகள், ஒரு தேடல் பெட்டி, அருகிலுள்ள கிளையைக் காட்டுவதற்காக அஞ்சல் குறியீடு கேட்கும் இன்னொரு பெட்டி. பெற்றோர் பலர் கட்டணப் பக்கம் வரை வருகிறார்கள், பதிவு செய்யாமல் போய்விடுகிறார்கள். எந்த இடத்தில் மனம் மாறுகிறது என்று நிலையத்தாருக்குத் தெரிய வேண்டும். நியாயமான ஆசைதான்.

இதையே சிங்கப்பூர் அரசாங்கம் பெரிய அளவில் செய்கிறது. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் ‘வோகா’ என்ற கருவிக்கான சிறு ஸ்கிரிப்ட் அரசாங்க இணையத்தளங்களின் பக்கங்களில் சேர்க்கப்படுகிறது. எந்தப் பக்கம் பார்க்கப்பட்டது, ஒரு சேவையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் அதை முடித்தார்கள் என்பவை அதன்வழி ஓரிடத்தில் சேர்கின்றன. துணைப்பாட நிலையத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட், அது அனுப்புவதை வாங்கிக்கொள்ள சர்வரில் ஒரு முகவரி. அந்த முகவரியைத்தான் எண்ட்பாயிண்ட் என்கிறார்கள்.

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு மட்டும் அதில் வழி உண்டு. வெளியே இருப்பவர் உள்ளே கைவிட்டு எடுக்க முடியாது. எண்ட்பாயிண்டும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் அனுப்பும் பக்கம். வாசகர் ஒரு பட்டனைத் தட்டியதும் ‘கட்டணப் பக்கம், பதிவு பட்டன், தட்டப்பட்டது’ என்ற ஒரு சிறு குறிப்பை ஜேசன் என்ற தரவு வடிவில் பிரௌசர் அனுப்புகிறது. வாசகர் பக்கத்தை விட்டு விலகும் நொடியில் அனுப்பவேண்டிய குறிப்புதான் சிரமம் தருவது. சாதாரண முறையில் அனுப்பினால் பக்கம் மூடியதும் பாதியில் அறுந்துவிடலாம். அதற்காகவே பிரௌசர்களில் ‘சென்ட்பீக்கன்’ என்ற வசதி இருக்கிறது. குறிப்பை அது பிரௌசரிடமே ஒப்படைத்துவிடும். பக்கம் போனாலும் குறிப்பு போய்ச் சேரும். கைப்பேசியில் வாசகர் வேறு செயலிக்கு மாறிவிட்டு, பிறகு பிரௌசரைத் திறக்காமலே மூடிவிடுவதும் உண்டு. அதனால் பக்கம் மூடப்படும்வரை காத்திருக்காமல், அது கண்ணிலிருந்து மறையும்போதே அனுப்பிவிடுவது நல்லது.

சர்வர் இதை ‘போஸ்ட்’ முறையில் வாங்கட்டும். ‘கெட்’ முறையில் தகவல் முகவரியிலேயே ஏறிவிடும்; முகவரி எல்லாப் பதிவேட்டிலும் தங்கிவிடும். வாங்கியதும் 204 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தந்தால் போதும். ‘கிடைத்தது, சொல்ல வேறொன்றுமில்லை’ என்பது அதன் பொருள். கணக்குப் போடுவது, தரவுத்தளத்தில் எழுதுவது எல்லாம் அதற்குப் பிறகு நிதானமாக நடக்கலாம். இணையத்தளம் இருக்கும் அதே டொமைனில் இந்த முகவரியையும் வைத்துவிடுங்கள். வேறு டொமைனில் வைத்தால், பிரௌசர் பல சமயங்களில் முன்கூட்டியே சர்வரிடம் அனுமதி கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தலைப்புகளை எல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இந்த முகவரி ஊருக்கே திறந்தது என்பதை மறக்கக்கூடாது. யார் வேண்டுமானாலும், எந்த நிரல் வேண்டுமானாலும் எதையும் அதில் கொட்டலாம். ஆகவே குறிப்பு 2 கிலோபைட்டைத் தாண்டினால் தள்ளுங்கள். ஒரே இடத்திலிருந்து நிமிடத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு வையுங்கள். எந்தெந்தப் புலங்களை ஏற்பது என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் இல்லாததைப் படிக்காமலே விடுங்கள். வந்த சொற்களை அறிக்கைப் பக்கத்தில் காட்டும்போது வெறும் எழுத்தாகவே காட்டுங்கள். இல்லாவிட்டால் யாரோ அனுப்பிய ஸ்கிரிப்ட் உங்கள் பிரௌசரில் ஓடும்.

தமிழ்த் தளத்துக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். ‘ஈசூன்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி, யுடிஎஃப்-8 முறையில் 15 பைட், முகவரியில் ஏறினால் 45 எழுத்து. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தேடல் சொல்லுக்கு 20 பைட் வரம்பு போட்டால் ‘வாய்மொழித் தேர்வு’ நடுவில் உடைந்து குப்பையாகிவிடும். ‘கோயில்’ என்ற சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. வந்தவுடனே ‘என்எஃப்சி’ என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால்தான் கணக்கு சேரும்.

நேரத்தை வாசகரின் கைப்பேசியிலிருந்து எடுக்காதீர்கள். சர்வரின் நேரத்தை உலகப் பொது நேரமாக எழுதி, அறிக்கையில் மட்டும் எட்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்ட மறந்தால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன் வந்த பெற்றோர் எல்லாம் வெள்ளிக்கிழமைக் கணக்கில் போய்விடுவார்கள்.

இவ்வளவும் கை பழகினால் ஒரு நாள் வேலை. எதை வாங்காமல் விடுவது என்பதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும்.

அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 1995 முதல் அது ஆறு இலக்கம். பல நாடுகளில் அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் காட்டும்; இங்கே அது ஒரு கட்டடத்தையே காட்டிவிடும். ஒவ்வொரு வீவக புளோக்குக்கும் தனி எண். தரைவீடு என்றால் அந்த ஒரு குடும்பமே தெரிந்துவிடும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் உதவி தேடினார்கள் என்பதோடு இந்த ஆறு இலக்கமும் சேர்ந்தால் அது புள்ளிவிவரமாக இருக்காது, ஒரு வீட்டின் கதையாக இருக்கும். நிலையத்துக்குத் தேவை முதல் இரண்டு இலக்கம் மட்டுமே. ஈசூன் குறியீடுகள் பெரும்பாலும் 76இல் தொடங்கும். எந்தக் கிளையைக் காட்டுவது என்று முடிவு செய்ய அது போதும். மீதி நான்கை பிரௌசரிலேயே வெட்டிவிட்டு அனுப்புங்கள். சர்வருக்கு வந்து சேராததை யாரும் திருட முடியாது.

தேடல் பெட்டியிலும் மக்கள் எதையெதையோ தட்டுவார்கள்: தொலைபேசி எண், மின்னஞ்சல், பிள்ளையின் முழுப்பெயர், அடையாள அட்டை எண். அடையாள எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது: ஓர் எழுத்து, ஏழு இலக்கம், மறுபடியும் ஓர் எழுத்து. அந்த வடிவம் வந்தால் எழுதுவதற்கு முன்பே அழித்துவிட வேண்டும். சட்டமும் கோராமல், ஆளை ஐயமற உறுதிசெய்யும் தேவையும் இல்லாத இடத்தில் தனியார் அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயரை இப்படி வடிவம் வைத்துப் பிடிக்க முடியாது. எனவே தேடல் சொற்களை முழுதாக வைக்காமல், நிலையத்தின் பாடத்தலைப்புகளோடு பொருந்துபவற்றை மட்டும் எண்ணி, மற்றதை ‘பிற’ என்று போட்டுவிடலாம். நான் இதையே பரிந்துரைப்பேன்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. தகவல் பாதுகாப்புக்கான அதன் முக்கியப் பிரிவுகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. நிலையம் சிறியது என்பதால் விலக்கு இல்லை. இதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும், தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக்கூடாது. 2021 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அது அறிவிக்கவேண்டிய கசிவு என்று கணித்த மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். துணைப்பாடத் தளத்துக்குப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களின் தகவலுக்கென்று ஆணையம் 2024இல் தனி வழிகாட்டி வெளியிட்டது.

விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டு வரும் வாசகர்களின் குறிப்பு வராமல் போகலாம். முகவரிக்கு வேறு பெயர் வைத்துத் தடுப்பானை ஏமாற்றும் வழிகள் உண்டு. வேண்டாம். அவர் ‘என்னை எண்ணாதே’ என்று சொல்லியிருக்கிறார்; அதை மதிக்க வேண்டும்.

தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கற்பனையான ஓர் அடையாள எண்ணையும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் பெட்டிகளில் தட்டி அனுப்புங்கள். பிறகு அவற்றைத் தரவுத்தளத்தில் தேடுங்கள். அதோடு நிறுத்தாமல் சர்வரின் பதிவேடுகளிலும், பிழைப் பதிவிலும், பேக்கப்பிலும் தேடுங்கள். என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர்கள் வருபவரின் ஐபி முகவரியை நீங்கள் கேட்காமலே பதிவேட்டில் எழுதிவைக்கும். அந்த அமைப்பையும் மாற்றி, கடைசிப் பகுதியை நீக்கிவிட்டு எழுதச் செய்யுங்கள். சோதனைக்குத் தட்டிய எண் எங்கேனும் ஒரு மூலையில் அகப்பட்டால், வடிகட்டியைச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து மறுபடி சோதியுங்கள்.