பில்லில் தேதி மாறுவது ஏன்?

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் விடியுமுன் கடை திறக்கும் நம் வணிகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஏப்ரல் 1 காலை 5 மணிக்குப் போட்ட பில், சில சாப்ட்வேர் தரும் பட்டியலில் மார்ச் 31 இரவு 11.30 என வரும். விற்பனை பழைய நிதியாண்டுக்குப் போய்விடும்; ஜி.எஸ்.டி. கணக்கும் இடிக்கும்.

கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகளை எண்ணியே நேரம் குறிக்கின்றன. அது கிரீன்விச் நள்ளிரவு. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். (ஒரு காலத்தில் ரயில்கள் ஓடிய மெட்ராஸ் நேரம் 5 மணி 21 நிமிடம்தான் முன்னால்!) ஆகவே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போட்ட பில்கள்தாம் தேதி மாறும்.

பட்டியலில் 1700000000 போலப் பத்து இலக்க எண் இருந்தால் விநாடி. பதின்மூன்று இலக்கமானால் மில்லி விநாடி; ஆயிரத்தால் வகுக்கவும். பிறகு 19800 விநாடி கூட்டி, 86400ஆல் வகுத்து, 25569 கூட்டி, எக்ஸெலில் தேதியாக மாற்றினால் நம் நேரம் கிடைக்கும்: 2023 நவம்பர் 15, விடியற்காலை 3.43. அந்த 19800ஐ விட்டால் நவம்பர் 14 இரவு 10.13 என்றே காட்டும்.

சில சாப்ட்வேர் ஏற்கெனவே இந்திய நேரத்தையே தரும். அதில் மறுபடி கூட்டினால் வம்பு. நேரம் தெரிந்த ஒரு பில்லை முதலில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆடிட்டரிடம் கொடுங்கள்.